முட்டி வலின்னு சொன்னதுக்கு 172 டாலர்

ஆபீஸ் நண்பர் கேட்டார்: "அமெரிக்காவுல அடுத்த வருஷ மெடிக்கல் இன்ஷூரன்ஸைத் தேர்ந்தெடுக்கிற ஓப்பன் என்ரோல்மென்ட் வந்துடுச்சு. ஹை டிடக்டிபிள் பிளான், அதாவது முதல்ல ஒரு பெரிய தொகை வரைக்கும் நாமே கட்டணும்கிற பிளான், எடுத்தா வருஷாந்திர செக்கப்புக்கும் கையிலேர்ந்து கட்டணுமா?"

வேண்டாம். 2010 ஒபாமாகேர் சட்டம் அப்படி. தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழு ஏ அல்லது பி தரம் கொடுத்த பரிசோதனைக்கு டிடக்டிபிளும் இல்லை, ஒவ்வொரு தடவையும் நாம் கட்டும் கோபேயும் இல்லை. ஆறு வருஷமாக இதே பிளான்தான் என்னுடையது.

இந்த மார்ச்சில் செக்கப் போனேன். டாக்டர் பிபி பார்த்தார், கொலஸ்ட்ராலுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். கிளம்புகிற நேரத்தில் வாய் சும்மா இருக்காமல், "மாடிப்படி ஏறினா வலது முட்டி வலிக்குது" என்றேன். காலை ரெண்டு தடவை மடக்கி நீட்டிப் பார்த்தார். மூணு வாரம் கழித்து 172 டாலருக்கு பில். செக்கப்புக்கான பில்லிங் கோட் 99396-க்கு நேரே பூஜ்யம். அதற்குக் கீழே சாதாரண விசிட்டுக்கான 99213, கூடவே 25 என்று ஒரு வால். முட்டியைப் பற்றிப் பேசியது தனி விசிட்டாம்! வைட்டமின் டி டெஸ்டுக்கும் தனியாகத் தீட்டினார்கள். நம்மவர்கள் விடாமல் கேட்டு எடுத்துக்கொள்ளும் அந்த டெஸ்ட் இலவசப் பட்டியலில் இல்லை. போனில் நாற்பது நிமிஷம் மல்லுக்கட்டியும் "கோடிங் சரிதான்" என்றார்கள். சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

ஆனால் இதையும் சொல்லணும். பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை வயதை 2021-ல் 50-லிருந்து 45-க்கு இறக்கினார்கள். 2023-ல் எனக்கு 46. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் மூணு பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதைக்கட்டி) எடுத்தார்கள், மயக்க மருந்து உட்பட பில் பூஜ்யம். (முந்தின ராத்திரி குடித்த கரைசலுக்கு அவர்கள்தான் எனக்குக் காசு கொடுத்திருக்கணும்.) பழைய விதி இருந்திருந்தால் அந்த மூணும் இன்னும் நாலு வருஷம் உள்ளேயே இருந்திருக்கும்.

அஞ்சு வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அது ஏற்கனவே பாலிப் எடுத்தவரைக் கண்காணிக்கும் 'சர்வைலன்ஸ்' கணக்காம், இலவசம் இல்லையாம். இலவசப் பரிசோதனைக்கான சட்டப்பிரிவே, அதை எதிர்த்துப் போட்ட பிரெய்ட்வுட் வழக்கில் தப்பிப் பிழைத்ததுதான். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அது செல்லும் என்றது. அந்த நிபுணர் குழுவில் யார் இருப்பது என்பது மட்டும் சுகாதாரச் செயலர் கையில்.

நண்பரிடம் "எடுக்காதீங்க" என்றேன். எந்தப் பிளானிலும் இதே கூத்துதான், தெரியும். அன்றைக்குத்தான் அந்த 172-ஐக் கட்டியிருந்தேன்.

முட்டி இன்னும் வலிக்கிறது. அடுத்த மார்ச்சில் டாக்டர் கேட்டால், சூப்பரா இருக்கேன் என்பேன்.