டைல்ஸும் கார்ப்பெட்டும் சேரும் வாசலில் ஏழாண்டு அனுபவம்

பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் பழைய அடுக்ககத்தில், 2018ஆம் ஆண்டு கூடத்தின் மொசைக் தரையை உடைக்காமல் அதன் மேலேயே டைல்ஸ் பதித்தோம். டைல் 9 மி.மீ., அதை ஒட்டிய அட்ஹெசிவ் 4 மி.மீ. எனக் கூடத்தின் தரை 13 மி.மீ. உயர்ந்தது. அம்மாவின் அறையில் மொசைக்கை அப்படியே விட்டு, 6 மி.மீ. நுரை விரிப்பின் மேல் 7 மி.மீ. கார்ப்பெட்டை அறை முழுவதும் போட்டோம். கணக்குப்படி இரண்டும் சமம்; போட்ட அன்று ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதும் சமமாகவே இருந்தது.

அந்தச் சமம் ஓராண்டுகூட நிற்கவில்லை. அறையின் நடுவில் கால்கள் பரவலாக விழுகின்றன. வாசலிலோ நாள் முழுவதும் ஒரே சாண் இடத்தை மிதிக்கிறோம். அங்கே நுரை நசுங்கிக் கார்ப்பெட் 5 மி.மீ. கீழிறங்கிவிட, அறையிலிருந்து வெளியே வரும்போது டைலின் விளிம்பு கால்விரலில் இடித்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் காலைச் சற்று இழுத்து நடந்த அம்மா, "இந்த எடத்துல மட்டும் கீழ பாத்துத்தான்டா கால் வைக்க வேண்டியிருக்கு" என்று சொன்ன பிறகுதான் இதன் தீவிரம் எனக்கு உறைத்தது.

முதலில் வாங்கியது பின்புறம் பசையுள்ள பி.வி.சி. பட்டை. கார்ப்பெட்டின் இழைமேல் எந்தப் பசையும் நிலையாகப் பிடிக்காது என்பதை அப்போது யோசிக்கவில்லை. டைல் பக்கம் ஒட்டியிருக்க, கார்ப்பெட் பக்கம் தூக்கிக்கொண்டு, தரை துடைத்த ஈரம் அதன் அடியில் புகுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மழையில் வாசலோரம் வீசிய புழுங்கல் வாடைக்கு அதுவே காரணம். ஆறு மாதத்தில் பிடுங்கி எறிந்தோம்.

அடுத்து, திருகாணியால் இறுக்கும் அலுமினியச் சரிவுப் பட்டை. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (ஏ.டி.ஏ.) கீழ் வந்த 2010 அணுகல் விதிகளில், 6.4 மி.மீ. வரையிலான உயர வேறுபாடு நேர்செங்குத்தாக இருக்கலாம், அதற்கு மேல் 12.7 மி.மீ. வரை 1:2 சரிவு வேண்டும் என்றிருக்கிறது. எங்கள் வேறுபாடு 5 மி.மீ. மட்டுமே என்பதால், சரிவும் சேர்ந்துவிட்டால் போதும் என நம்பினேன். ஆனால் கீழே நுரை அமுங்கிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு மிதிக்கும் பட்டை மேலும் கீழும் அசைந்து, துளையில் செருகியிருந்த பிளாஸ்டிக் பிளக் தளர்ந்தது. ஒரு நாள் மாலை வெளியே நீண்டிருந்த திருகாணித் தலையில் அம்மாவின் புடவைக் கரை சிக்கியது. கதவைப் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை.

தருமபுரியிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் ஒரு மேஸ்திரி, பட்டையைத் தூக்கிப் பார்த்த உடனே, "மேல மூடுனா நிக்காது சார், அடியில ஏத்தணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை இரண்டாண்டுக்கு முன் கேட்டிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

2021 ஜனவரியில் வேலையைச் செய்தார். நுரையை முழுவதும் எடுத்துவிட்டு, வாசல் விளிம்பில் 5 மி.மீ. உயரத்தில் தொடங்கி, அறைக்குள் 60 செ.மீ. தொலைவில் ஒன்றுமில்லாமல் கரையும்படி ஒரு சரிவைக் கரணையால் இழுத்தார். சாதாரண சிமென்ட் மணல் கலவை மெல்லிய ஓரத்தில் பொரிந்து உதிரும் என்பதால், பாலிமர் கலந்த சமன்செய்யும் கலவையையே பயன்படுத்தினார். கலவை பூசுவதற்கு முன் மொசைக்கின் பளபளப்பைக் கல்லால் தேய்த்துச் சொரசொரப்பாக்கியதில் அவர் அரை நாள் செலவழித்தார். பலர் தவிர்க்கும் வேலை அது. கலவை தரையை விட்டுப் பெயராமல் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அது நன்றாகக் காய்ந்த பின், 3 மி.மீ. அடர்த்தியான ரப்பர் விரிப்பைப் பரப்பி, அதற்குள் 6 மி.மீ. ஆகத் தேய்ந்திருந்த பழைய கார்ப்பெட்டையே இழுத்துப் போட்டோம். விளிம்பில், அடிப்பகுதியில் பற்கள் கொண்ட மெல்லிய அலுமினியப் பட்டையைக் கெட்டியான கலவைமேல் ஒட்டி, கார்ப்பெட் நுனியை அதன் உதட்டுக்குள் மடித்துத் தள்ளினார். இப்போது பட்டையின் வேலை நுனியைப் பிடித்துக்கொள்வது மட்டுமே. சுமையைத் தாங்குவது கீழுள்ள தரை.

முதல் நாள் கார்ப்பெட் டைலைவிட 1 மி.மீ. உயர்ந்திருந்தது. அமுங்குவதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. நான்கு ஆண்டுகளுக்கு மேலான பின், சென்ற மாதம் மட்டப்பலகை வைத்து அளந்தபோது 1 மி.மீ. தாழ்ந்திருக்கிறது, கால் அதை உணர்வதில்லை. அம்மாவின் வாக்கர் தடையின்றிக் கடக்கிறது.

குறைகளும் உண்டு. பட்டைக்கும் டைலுக்கும் இடையிலான சிலிக்கான் ஒருமுறை பிளந்ததால் மீண்டும் பூச வேண்டியிருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் துடைக்கும் தண்ணீர் மறுபடியும் உள்ளே இறங்கும். உதட்டோரம் முடியும் தூசியும் சேர்வதால் வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் எடுக்கிறோம். கதவின் அடியையும் 4 மி.மீ. இழைக்க நேர்ந்தது. கார்ப்பெட் போடும் முன்பே அளந்திருந்தால், கதவைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சமாகியிருக்கும்.

என் படிப்பறை வாசலில் இன்னும் பழைய பி.வி.சி. பட்டைதான் இருக்கிறது. மழை ஓய்ந்து, கலவை நன்றாகக் காயும் ஜனவரியில் அங்கும் இதே வேலையைச் செய்ய மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.