அம்பாசடரில் கான்டெசா எஞ்சின்: எல்லாம் சரி, சிக்னலில் நிற்குமா?

மார்க் 3 அம்பாசடர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். பழைய கான்டெசாவிலிருந்து இறக்கிய 1.8 இசுசு பெட்ரோல் எஞ்சின், கியர்பாக்ஸோடு விலைக்கு வந்திருக்கிறதாம். "உங்க மார்க் 3ல அதைத்தானே போட்டு ஓட்டுறீங்க, வாங்கலாமா?" போனில் பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே எனக்குச் சூடு ஏறிவிட்டது. அவருக்குச் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினுக்குச் சேர வேண்டிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 89 மி.மீ. இழுவை உண்டு, அவசரம் கிடையாது. இசுசு 1817 சிசி. போர் 84, ஸ்ட்ரோக் 82, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் தலையில். மிதித்தால் தயங்காமல் ஏறும். ஐந்தாவது கியரில் பைபாஸில் போகும்போது பின் சீட்டில் இருப்பவர்கள் குரலை உயர்த்தாமல் பேசிக்கொள்ளலாம். இரண்டு வண்டிகளையும் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே 90களின் தொடக்கத்தில் இதே எஞ்சினை அம்பாசடரில் போட்டு 1800 ஐஎஸ்இசட் என்று விற்றது. ஆகவே இது யாரோ பட்டறையில் கண்டுபிடித்த விபரீத யோசனை இல்லை. மவுண்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் வேலையெல்லாம் நல்ல லேத் இருக்கும் ஊரில் முடிந்துவிடும்.

முடியாதது ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோதும் எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓடிக்கொண்டு நிற்பது.

ஓடிக்கொண்டிருக்கும்வரை ராஜா. சிக்னலில் காலை எடுத்தால் இரண்டு குலுக்கு, அப்புறம் அமைதி. சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் ஓடும், விட்டால் அணையும். இதை எந்தப் பட்டறையில் சொன்னாலும் கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குத்தான் போகிறது. ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றுவார்கள், மிக்சர் ஸ்க்ரூவைத் திருகுவார்கள், வண்டி நிமிடத்துக்கு 1200 சுற்றில் உறுமிக்கொண்டு நிற்கும். "இப்ப பாருங்க சார், சூப்பர்!" என்பார்கள். த்ராட்டிலைத் தூக்கி வைத்துவிட்டால் எந்த எஞ்சினும்தான் நிற்கும். அதற்கு மெக்கானிக் எதற்கு?

ஒரு பட்டறையில் முழு ஓவர்ஹால் செய்து, டெல்கோவில் (டிஸ்ட்ரிபியூட்டரில்) பாயின்ட், கண்டன்சர் எல்லாம் மாற்றி, பில்லும் நீளமாகப் போட்டுக் கொடுத்தார்கள். பகலில் நன்றாக இருந்தது. இருட்டி ஹெட்லைட் போட்டதும் பழைய கதை. பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிச்சயம் அணையும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட், பகலில் வேலை செய்துவிட்டு ராத்திரியில் மட்டும் எப்படி அடைக்கும்? இந்தக் கேள்வியை அந்தப் பட்டறையில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் எஞ்சினோடு வந்த கார்புரேட்டரில் ஸ்லோ பாதைக்கென்று ஒரு சின்ன சோலினாய்டு (மின்காந்த வால்வு) இருக்கிறது. சாவி போட்டதும் அது ஊசியை உள்ளே இழுத்து வழியைத் திறக்கும். சாவியை எடுத்ததும் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி அடைத்துவிடும். அணைத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டு ஓடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மார்க் 3 வயரிங்கில் இப்படி ஒரு பொருளுக்கு வயரே கிடையாது. எஞ்சினை ஏற்றியவர் அதை அநாதையாக விடவில்லை, பாவம். கைக்குக் கிட்டே இருந்த இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொடுத்திருந்தார். ஆனால் காயிலுக்கு வரும் மின்சாரம், வோல்ட்டைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டரைத் தாண்டி வருவது. எஞ்சின் ஓடும்போது அங்கே முழு 12 வோல்ட் இருக்காது. பகலில் அதை வைத்தே ஊசி எப்படியோ பிடித்துக்கொண்டு நிற்கும். ஹெட்லைட் எரிய, ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டரும் சோர, ஊசி விழுந்துவிடும். விழுந்த ஊசியைத் திரும்ப இழுக்க, பிடித்து வைப்பதைவிட அதிக வோல்ட் வேண்டும்.

சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸிலிருந்து தனி வயர் கொடுத்ததும் இரவுப் பிரச்சினை போய்விட்டது. சோதிப்பது சுலபம்: எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, அந்த வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். 'டிக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். சிலர் வயர் தொல்லையே வேண்டாம் என்று ஊசியின் முனையை வெட்டி விடுகிறார்கள். ஐட்லிங் வரும், சாவியை எடுத்த பிறகும் வண்டி கடகடவென்று ஆடும். தயவுசெய்து வெட்ட விடாதீர்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. சமீபத்தில் மறுபடி ஐட்லிங் தடுமாற ஆரம்பித்தது, இந்த முறை பகலிலும். எஞ்சின் வந்த கான்டெசாவில், எஞ்சினின் உறிஞ்சலை வைத்து பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் உண்டு, என் மார்க் 3இல் இல்லை. அதனால் எஞ்சினுக்குள் கலவை போகும் இன்லெட் மேனிஃபோல்டில் பூஸ்டர் ஹோஸ் மாட்டும் குழாய் சும்மா நிற்கிறது. அதன் வாயில் ஒரு ரப்பர் மூடியைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள். எஞ்சின் சூட்டில் அது வெடித்து, கீறல் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கார்ப் கிளீனரை அந்த இடத்தில் லேசாக அடித்ததும் சுற்று மாறியது. (சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்து அடியுங்கள்.) மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. ஆரோக்கியமான எஞ்சினில் ஐட்லிங்கில் முள் ஆடாமல் 17 முதல் 21 அங்குலத்துக்குள் (பாதரச அளவில்) நிற்கும். என்னுடையது அதற்குக் கீழே தொங்கியது. ரப்பரை எடுத்துவிட்டு, மரை வெட்டிப் பித்தளை பிளக் போட்டாயிற்று. சில நூறு ரூபாய் வேலை. ஆனால் அதற்கு முன்னால் கார்புரேட்டரை இன்னொரு தடவை கழற்றியே தீருவேன் என்று ஒருவர் நின்றாரே, அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

எஞ்சின் மாற்றிய வண்டியில் கோளாறு பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருப்பதில்லை. இரண்டு வண்டிகளும் ஒட்டும் இடத்தில்தான் இருக்கிறது: அங்கே இருந்து இங்கே இல்லாத வயர், அங்கே ஹோஸ் மாட்டி இங்கே சும்மா நிற்கும் குழாய், புதிதாக வளைத்துப் போட்ட ஆக்சிலரேட்டர் கேபிள். அந்தக் கேபிளில் கொஞ்சம் தளர்வு விடாவிட்டால், மவுண்டிங் ரப்பரில் எஞ்சின் அசையும்போதெல்லாம் அதுவே த்ராட்டிலை இழுக்கும்.

பெட்ரோலையும் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்கில் போடுவதில் 20 சதவீதம் எத்தனால். சுத்தப் பெட்ரோலில் எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்குச் சுமார் 13.5 போதும். அதாவது பழைய ஜெட்டில் கலவை மெலிந்துபோகும். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சமாளிக்கலாம், எத்தனாலில் கெட்டுப்போகும் பழைய ரப்பர் ஹோஸ்களைச் சமாளிக்க முடியாது, மாற்றிவிடுங்கள்.

இன்றைய நிலைமை: 800 சுற்றில் நிற்கிறது, ஹெட்லைட் போட்டாலும் நிற்கிறது. ஆனாலும் சிக்னலில் என் வலது கால் தானாக ஆக்சிலரேட்டரைத் தேடுகிறது. இந்த எஞ்சின் எனக்குக் கற்றுக்கொடுத்த கெட்ட பழக்கம் அது.

நண்பருக்கு என் தீர்ப்பு: வாங்க வேண்டாம். ஐட்லிங் மட்டும் காரணமில்லை. எஞ்சின் மாற்றத்தை ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அந்த அலைச்சல் தனி. அதோடு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டி அசல் நிலையில், எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் இருக்க வேண்டும். அவருடைய மார்க் 3 அந்த வயதை நெருங்கி நிற்கிறது, உள்ளே இருப்பது பிறவி எஞ்சின். சிலிண்டரைக் கடைந்து போர் செய்து, பிஸ்டன் மாற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். சிக்னலிலும் சமர்த்தாக நிற்கும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, விற்கிறவருடைய நம்பரை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த கார்புரேட்டர் தனியாகக் கிடைப்பதில்லை, எஞ்சினோடு வந்தால் விடுவானேன்?