கரண்ட் வைக்கலாமா, மாத்திரையே போதுமா?

எங்கள் பெரியம்மாவுக்கு 74 வயது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மார்பில் இருந்த சின்னப் புற்றுநோய்க் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று. அடுத்து கரண்ட் வைப்பதா வேண்டாமா என்று வீடு இரண்டு பட்டது. ரேடியேஷனுக்கு எங்கள் பக்கம் கரண்ட் என்றுதான் பெயர். "இந்த வயசுல எதுக்கு அலைக்கழிக்கணும்" என்றார் பெரிய அண்ணன். "வயசைக் காட்டி வைத்தியத்தைக் குறைக்காதீங்க" என்றாள் அக்கா. இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

இதே கேள்விக்கென்றே பிரைம்-2 என்று ஓர் ஆய்வு நடந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,326 பெண்கள். கட்டி 3 செ.மீ.க்குள், அக்குள் நெறிக்கு நோய் பரவவில்லை, ஹார்மோனால் வளர்ந்து அதை அடக்கும் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. எல்லோருக்கும் ஹார்மோன் மாத்திரை உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் கரண்ட். 2023இல் வெளியான பத்து வருடக் கணக்கில், கரண்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அதே மார்பில் நோய் திரும்பியது. வைக்காதவர்களில் ஒன்பது, பத்துப் பேருக்கு. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் இரு பக்கமும் நூற்றுக்கு ஏறக்குறைய 81 பேர். ஆக, கரண்ட் இங்கே ஆயுளைக் கூட்டவில்லை. திரும்ப ஒரு ஆபரேஷன் வராமல் காக்கிறது.

அலைச்சல் கணக்கும் முன்பு போல இல்லை. ஒரு காலத்தில் ஐந்து வாரம், 25 தடவை. பிறகு மூன்று வாரம், 15 தடவை. ஒரே வாரத்தில் ஐந்து தடவை வைத்தாலும் பலன் குறையவில்லை என்று 2020இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. கடலூரிலிருந்து கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் பாண்டி பஸ் பிடித்து, இறங்கி, டவுன் பஸ் மாறிப் போகிறவருக்கு 25க்கும் 5க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐந்து நாள் முறை யாருக்குப் பொருந்தும் என்பதை ரேடியேஷன் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாத்திரை மட்டும் என்பது கேட்கச் சுலபம். ஆனால் ஐந்து வருடம், ஒரு நாள் விடாமல் போட வேண்டும். பெரியம்மாவுக்குக் கொடுத்தது லெட்ரசோல். இது எலும்பைத் தேய்க்கும், மூட்டைப் பிடிக்கும். முதல் மாதக் கடைசியில் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு மாத்திரை அப்படியே இருந்தது. "போட்டா காலையில விரலை மடக்க முடியலடா" என்றார். மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஏழு நாளுக்கு என்ன காவல்? தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள்.

மாத்திரை தவறாது, கட்டியும் அந்த மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை என்றால் கரண்டை விடுவதில் தப்பில்லை. தவறும் என்று தெரிந்தால் ஐந்து நாள் கரண்டே மேல் என்பது என் எண்ணம். நெறிக்குப் பரவியிருந்தாலோ, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாத வகை என்றாலோ கரண்டை விடும் பேச்சே கிடையாது. அங்கே வயதைக் காரணம் காட்டி வைத்தியத்தைக் குறைப்பது பெரிய ஆபத்து.

அப்புறம்தான் பெரியம்மாவையே கேட்டோம். "அஞ்சு நாள்தானே, போயிட்டு வந்துடலாம். ஆனா கையைத் தலைக்கு மேல தூக்கிட்டுப் படுக்கணுமாமே, எனக்கு வலது தோள் தூக்க வராதே?" அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது தினமும் காலையில் நாள்காட்டிக்குப் பக்கத்துச் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிப் பழகுகிறார். நேற்று கை நாள்காட்டி மாட்டியிருக்கும் ஆணி வரை போனது.