பாளையங்கோட்டையில் ஆசிரியர் தகுதித் தேர்வுப் பயிற்சி: வேலையை விட்டு வந்த ஒருவனின் மதிப்பீடு

தனியார் வங்கி ஒன்றின் கடன் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 35 வயதில் அதை விட்டு விலகி, இரண்டாண்டு பி.எட். முடித்தவன் நான். இளங்கலையில் கணிதம் படித்தவன் என்றாலும், கல்லூரியை விட்டு வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்குரிய தகுதித் தேர்வின் இரண்டாம் தாளுக்குத் தனியே படித்துத் தேற முடியும் என்ற துணிவு எனக்கு இருக்கவில்லை. எனவே 2025 ஜூலை முதல் நவம்பர் தொடக்கம் வரை, சனி, ஞாயிறு இரு நாளும் பத்தமடையிலிருந்து மேலப்பாளையம் வழியாகப் பேருந்தில் வந்து, பாளையங்கோட்டையில் உள்ள இந்தப் பயிற்சி மையத்தில் படித்தேன். கட்டணம் 9,000 ரூபாய். காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை வகுப்பு நடக்கும். என்னைப் போல வேறு தொழிலிலிருந்து ஆசிரியப் பணிக்கு மாற நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில் நிறைவானதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடக்கும் மாதிரி வகுப்புக்காகவே இந்த மையத்தில் சேரலாம். தகுதித் தேர்வில் 150 கேள்விகளும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை என்பதால், கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்தும் பயிற்சிக்கு அங்கே நேரடியாக மதிப்பெண் இல்லை. ஆகவே பெரும்பாலான மையங்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இங்கே குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் எடுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வாரத்துக்கு நான்கு பேரை எழுப்பி, ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்கிறார். அவர் கடைசி பெஞ்சில் போய் மாணவனாக உட்கார்ந்துகொள்வார்.

என் முறை வந்த அன்று, ஏழாம் வகுப்பு எண்ணியல் பாடத்திலிருந்து குறை முழுக்களின் பெருக்கலை எடுத்துக்கொண்டேன். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் என்று விதியை எழுதி, இரண்டு எடுத்துக்காட்டும் போட்டுவிட்டுத் திரும்பினேன். பின்னாலிருந்து கை உயர்ந்தது. "விதியைச் சொல்லிட்டிய தம்பி. ஏன் அப்படின்னு பிள்ளைய கேட்டா என்ன சொல்லுவிய?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கல்லூரியில் மூன்றாண்டு கணிதம் படித்தும், அந்தக் கேள்வியை ஒருநாளும் எனக்கு நானே கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டார். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு, இரண்டைப் பெருக்கினால் மைனஸ் நான்கு, ஒன்றைப் பெருக்கினால் மைனஸ் இரண்டு, பூச்சியத்தைப் பெருக்கினால் பூச்சியம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். இடது பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குறையக் குறைய, வலது பக்க விடை இரண்டு இரண்டாகக் கூடிக்கொண்டே வருவதை விரலால் தொட்டுக் காட்டினார். அடுத்த வரியில் மைனஸ் ஒன்றை மட்டும் எழுதி நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். வகுப்பே சேர்ந்து "பிளஸ் ரெண்டு" என்றது. "இதை நீங்க சொல்லப்படாது, பிள்ளைய சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டாண்டு பி.எட். படிப்பில் எழுதிக் குவித்த பாடத்திட்டக் குறிப்பேடுகள் தராத தெளிவை அந்த ஐந்து வரிகள் எனக்குத் தந்தன. குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே வகுத்த நான்கு நிலைகளையும் அவர் மனப்பாடம் செய்ய விடவில்லை. எந்த வயதுப் பிள்ளை எந்தக் கணக்கில் தடுமாறுகிறது என்று தம் பள்ளி அனுபவத்தைச் சொல்லிச் சொல்லியே பதிய வைத்தார். அந்தப் பகுதிக்குரிய 30 மதிப்பெண்ணில் எனக்கு 26 வரும் என்பது, வெளியான விடைக்குறிப்பை வைத்து நான் எண்ணிப் பார்த்ததில் தெரிகிறது.

அறிவியல் வகுப்பு நன்று. உயிரியலைத் தொட்டே பழக்கமில்லாத எனக்கும் புரியும்படி, ஆறாம் வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக நடத்தினார்கள். தமிழ் வகுப்பில் குறையில்லை. ஆங்கில வகுப்புதான் மிகவும் பலவீனம். 30 மதிப்பெண் அதற்கும் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் நான்கு மாதத்தில் ஆறே வகுப்புகள் நடந்தன.

இனி என் முதல் மனக்குறை. மையம் கொடுத்த கணிதக் கையேட்டில் பல கேள்விகள் பழைய பாடநூலை ஒட்டியவை. தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் ஆறு, ஒன்பதாம் வகுப்புகளுக்கும், 2019-20இல் ஏழு, எட்டு, பத்தாம் வகுப்புகளுக்கும் புதிய பாடநூல்கள் வந்துவிட்டன. தேர்வுக்கு அடிப்படை இந்த நூல்கள்தான் என்னும்போது, பழைய கையேட்டுக்குப் புது அட்டை போட்டு விற்பது எந்த வகையிலும் நியாயமில்லை. மூன்றாம் வாரமே அலுவலகத்தில் சொன்னேன். அடுத்த வாரம் திருத்தித் தருகிறோம் என்றார்கள். ஐந்து வாரம் கழித்து இரண்டு பாடங்களுக்கு மட்டும் நகல் தாள் கொடுத்தார்கள். சேருபவர்கள் கையேட்டை நம்பாமல், ஆறு முதல் பத்து வரையுள்ள பாடநூல்களை வாங்கியோ இணையத்தில் இறக்கிக்கொண்டோ அவற்றிலிருந்தே படிப்பது நல்லது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. சேரும் நாளில், "தேர்ச்சி பெற்றால் வேலை உறுதி" என்ற பொருள்படவே பேசுகிறார்கள். இது உண்மையல்ல. தகுதித் தேர்வு என்பது பெயருக்கேற்பத் தகுதியை மட்டுமே தரும். பொதுப் பிரிவினர் 150க்கு 90 எடுத்துத் தேர்ச்சி பெற்றாலும், 2018 ஜூலையில் வெளியான அரசாணை 149இன்படி, அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். 2024 பிப்ரவரி 4 அன்று அப்படி ஒரு தேர்வு நடந்தது. அதிலும் 50 மதிப்பெண்ணுக்கான கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளில் 20 எடுத்தால்தான் பாடத் தாளையே திருத்துவார்கள். அந்தத் தேர்வு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

இந்த விவரம் ஏற்கெனவே பி.எட். முடித்து இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வேறு தொழிலிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாது. எங்களோடு படித்தவர்களில், கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவந்த ஒரு தம்பி, முதல் மாதத்திலேயே வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தார். நவம்பரில் தேர்ச்சி, ஜனவரியில் பணி என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார். அரசாணையை நான் எடுத்துக் காட்டிய அன்று மதியம் அவர் கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை. 9,000 ரூபாய் வாங்குபவர்கள் இதை அவருக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கடனுக்கு விண்ணப்பிப்பவரிடம் வட்டியையும் தவணையையும் மறைக்காமல் சொல்வதே முறை என்று 11 ஆண்டுகள் பழகியவன் என்பதால், இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எதிர்பாராமல் கிடைத்த நன்மை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று, பணியில் இருக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், மூத்த ஆசிரியர்கள் பலர் எங்கள் வகுப்பில் வந்து சேர்ந்தார்கள். இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு மீண்டும் தேர்வுக்கூடத்தில் உட்கார வேண்டியிருப்பதில் அவர்களுக்கு இருந்த வேதனை கொஞ்சமல்ல. ஆனாலும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா ஒருவர், உதவிபெறும் பள்ளியில் 18 ஆண்டுகள் அறிவியல் நடத்தியவர், இடைவேளைதோறும் வகுப்பறை நடைமுறைகளை எனக்குச் சொல்லித் தந்தார். ஆஜர் பதிவு எடுக்கும்போதே அன்று சாப்பிடாமல் வந்த பிள்ளை யார் என்று எப்படிக் கண்டுகொள்வது என்பது முதல், பெற்றோர் கூட்டத்தில் எதை எல்லார் முன்னிலையிலும் சொல்லக்கூடாது என்பது வரை அவரிடம் கேட்டுக் குறித்தவை என் நோட்டில் பன்னிரண்டு பக்கம் இருக்கின்றன.

கட்டடத்தில் மின்விசிறிகள் போதாது. 60 பேர் உட்காரும் அறையில் ஆகஸ்ட் மாத மதியம் கடினம்தான். குடிநீர் உண்டு. மாதிரித் தேர்வுத் தாள்களை அடுத்த வாரமே திருத்தித் தந்துவிடுகிறார்கள்.

நான் இந்த மையத்துக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அதில் இரண்டு அந்தத் தலைமையாசிரியருக்கே உரியவை. சேர விரும்புபவர்கள் ஒரு ஞாயிறு பிற்பகல் வகுப்பில் இலவசமாக உட்கார அனுமதி கேளுங்கள், கேட்டால் மறுப்பதில்லை. அடுத்து சேரும் மாணவர்களுக்கும் அவர்தான் வருகிறாரா என்பதை உறுதி செய்துகொண்டு, கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டுங்கள். இப்போது பார்க்கும் வேலையை மட்டும், பணி நியமன ஆணை கைக்கு வரும்வரையோ, ஒரு தனியார் பள்ளியின் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியும் என்று வீட்டில் கலந்து பேசி முடிவெடுக்கும்வரையோ விட வேண்டாம். வார இறுதி வகுப்பு என்பதால் வேலையில் இருந்துகொண்டே இதைப் படிக்க முடியும்.