குவாட் ஈஎஸ்எல்-57, ஈஎஸ்எல்-63: நீண்ட காலம் ஓட்டிய பின் தெரிபவை

குவாட் ஈஎஸ்எல்-57 என்ற எலக்ட்ரோஸ்டேட்டிக் (மின்னூட்ட விசையால் இயங்கும்) ஸ்பீக்கர் ஜோடியில் ஆண்டுக்கணக்கில் பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, மற்ற ஸ்பீக்கர்களில் வரும் குரல் ஏதோ பெட்டிக்குள் அடைபட்டதுபோலவே ஒலிக்கும். இதில் பெட்டி கிடையாது. கூம்பு, சுருள், காந்தம் எதுவும் இல்லை. சில மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் ஃபிலிம் ஒன்று, துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் முழுப் பரப்பும் ஒரே சமயத்தில் தள்ளப்படுகிறது. தம்பூராவின் ஜீவாவும், பாடகர் மூச்செடுக்கும் இடமும், மிருதங்க வலந்தலையில் விரல் பட்டு விலகும் கணமும் இவ்வளவு சுத்தமாகக் கேட்பதற்கு அந்த ஃபிலிமின் எடையின்மைதான் காரணம். இந்த ஸ்பீக்கர் கொடுக்கும் எல்லாத் தொல்லைக்கும் அதே ஃபிலிமும் அதற்குப் பக்கத்திலிருக்கும் ஒடுங்கிய இடைவெளியும்தான் காரணம் என்பதைப் புரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

இயங்கும் விதம் எளியது. ஃபிலிமின்மேல் மிக உயர்ந்த மின்தடை கொண்ட மெல்லிய பூச்சு இருக்கும். அதில் சில ஆயிரம் வோல்ட் டிசி மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. இந்த உயர் வோல்ட்டை ஈஎச்டி என்பார்கள்; இதற்காக ஸ்பீக்கரையே மெயின்ஸ் கரண்டில் செருக வேண்டும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னலை ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு உயர்த்தி, முன்தகட்டுக்கும் பின்தகட்டுக்கும் எதிரெதிராகக் கொடுக்கிறது. ஒரு தகடு இழுக்க, மற்றது தள்ள, ஃபிலிம் அசைகிறது. நுட்பம் அந்தப் பூச்சின் மின்தடையில்தான் இருக்கிறது. ஃபிலிம் முன்னும் பின்னும் ஆடும்போது அதிலுள்ள மின்னூட்டம் வெளியே ஓடவோ, ஓரிடத்தில் குவியவோ நேரம் கிடைக்கக்கூடாது. மின்னூட்டம் மாறாமல் நின்றால் விசை சிக்னலுக்கு நேர்விகிதமாகவே இருக்கும். ஃபிலிம் இடைவெளியில் எந்த இடத்தில் நின்றாலும் மாறாது. மாறினால் டிஸ்டார்ஷன். ரீபில்டு செய்கிறோம் என்று கிராஃபைட் தூளைத் தேய்த்துவிடும் வேலை இங்கேதான் கெடுகிறது: தடை குறைந்துவிடும், மின்னூட்டம் ஓடும், ஒரு பொறி விழுந்தால் முழுப் பரப்பின் ஆற்றலும் அந்த ஒரே புள்ளியில் பாய்ந்து ஃபிலிமைத் துளைத்துவிடும்.

யோசனை பழையது. செஸ்டர் ரைஸுடன் சேர்ந்து இன்றைய சுருள் ஸ்பீக்கரை 1925-ல் உலகுக்குக் கொடுத்த அதே எட்வர்ட் கெல்லாக், எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்பீக்கருக்கும் 1934-ல் காப்புரிமை பெற்றார். அன்று தகுந்த ஃபிலிம் கிடைக்கவில்லை. 1950-களில் பாலியெஸ்டர் ஃபிலிம் வந்தபோது நிலைமை மாறியது. அமெரிக்காவில் ஆர்தர் ஜான்ஸன் உயர் அதிர்வெண்ணுக்கு மட்டும் எலக்ட்ரோஸ்டேட்டிக் யூனிட்டைச் செய்து விற்றார். ஹார்வர்டில் ஃபிரெடெரிக் ஹன்ட் மாறாத மின்னூட்டத்தின் கணக்கை விளக்கி எழுதினார். இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் குவாட் நிறுவனத்தின் பீட்டர் வாக்கர், தம் பெயரில் புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்த டி.டி.என். வில்லியம்ஸனோடு சேர்ந்து, பேஸ் (தாழ்ந்த ஒலி) முதல் ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) வரை முழுவதையும் ஃபிலிமே பாடும்படி செய்ய முயன்றார். 1957-ல் விற்பனைக்கு வந்த அந்த ஸ்பீக்கர் 1985 வரை உற்பத்தியில் இருந்தது. 57 என்ற எண் பின்னால் ஒட்டிக்கொண்டது; அடுத்த மாடலான 63 வந்த பிறகு இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சுமார் 88 செ.மீ. அகலம், 79 செ.மீ. உயரம், முன்பக்கம் லேசாக வளைந்த துளைத்தகடு, கீழே குட்டை மரக்கால்கள். பார்க்க அறை ஹீட்டர் போலிருக்கும். உள்ளே இருபுறமும் இரண்டு பேஸ் பேனல்கள், நடுவில் ஒரு ட்ரெபிள் பேனல். பேஸ் பேனல்களுக்கு ஈஎச்டி 6 கிலோவோல்ட், ட்ரெபிளுக்கு 1.5 கிலோவோல்ட். ட்ரெபிளுக்கு வோல்ட் குறைவாக இருப்பதற்குக் காரணம், அங்கே தகட்டுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இந்த ஸ்பீக்கரை வைத்திருப்பவரின் கவலையெல்லாம் அந்த ட்ரெபிள் பேனலைச் சுற்றித்தான்.

உள்ளே விடும் சிக்னல் 33 வோல்ட் உச்சத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ட்ரெபிள் பேனலில் காற்று உடைந்து பொறி பறக்கும். பொறி விழுந்த இடத்தில் பிளாஸ்டிக் கருகிக் கார்பன் தடம் உண்டாகும். கார்பன் மின்கடத்தி, ஆகவே அடுத்த முறை இன்னும் குறைந்த வோல்ட்டிலேயே அதே இடத்தில் பொறி விழும். ஒரு தடவை அடி வாங்கிய பேனல் தானாகத் தேறாது.

33 வோல்ட் உச்சம் என்பது 8 ஓம் லோடில் ஏறத்தாழ 68 வாட். ஆகவே 8 ஓமில் 60 வாட்டுக்கு மேல் எழுதியிருக்கும் எந்த ஆம்ப்ளிஃபயரும் இந்த ஸ்பீக்கருக்கு ஆபத்துதான், வால்யூமைக் குறைத்தே கேட்டாலும். ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் இணைப்பு ஒயர் கழன்று எழும் சத்தம், ஆன் செய்யும்போது வரும் 'டப்' ஆகியவற்றுக்கு வால்யூம் குமிழ் காவல் நிற்காது. குவாட்டின் சொந்த 303 ஆம்ப்ளிஃபயர் இதற்குப் பொருந்துவது தற்செயல் இல்லை: அதன் ரெகுலேட்டட் சப்ளை 67 வோல்ட், அதனால் வெளியீடு எந்தப் பக்கமும் 33 வோல்ட்டைப் பெரிதாகத் தாண்ட முடியாது. பழைய குவாட் டூ வால்வு ஆம்ப்ளிஃபயர் 15 வாட், அதுவும் பாதுகாப்பானது. 1975-ல் வந்த 405 சுமார் 40 வோல்ட் வரை போகும். அதை லிமிட்டர் போடாமல் 57-ல் இணைக்கக்கூடாது. வரம்பு தாண்டும் வோல்ட்டை வெட்டிவிடும், ஜீனர் டையோடு கொண்ட கிளாம்ப் போர்டுகள் தனியாகக் கிடைக்கின்றன. ஒலி கெடும் என்று சிலர் மறுப்பார்கள். ஒரு ட்ரெபிள் பேனலை மறுகட்டுமானம் செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கிளாம்ப் போர்டு கட்டாயம் என்பதே எங்கள் கருத்து.

ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்குக் காட்டும் மின்தடை, அதாவது லோடு, ஏட்டளவில் 15 ஓம். குறைந்த அதிர்வெண்ணில் 30 ஓமையும் தாண்டும். ட்ரெபிளின் உச்சியில் 2 ஓமுக்குக் கீழே, ஏறத்தாழ 1.8 ஓமுக்கு இறங்கிவிடும். கெப்பாசிட்டர் இயல்புள்ள லோடு என்பதால் சில டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆட ஆரம்பிக்கும். பாட்டே ஓடாதபோது ஹீட்சிங்க் சூடாக இருந்தால் அதுதான் அறிகுறி; ஆஸிலோஸ்கோப் வைத்து உறுதிசெய்து கொள்ளலாம். வரிசையில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் லோடு 1.8 ஓமாக இருக்கும் இடத்தில் அது கிட்டத்தட்ட 4 டெசிபலைத் தின்றுவிடும், ட்ரெபிள் மங்கும். வேறு ஆம்ப்ளிஃபயர் பார்ப்பதே மேல்.

வைக்கும் இடம்: பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே ஒலிக்கும், எதிர்க் கட்டத்தில் (முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும்). அதனால் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் மெலியும், குரல் குழம்பும். பின்சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் ஒன்றரை. பக்கவாட்டில் ஒலி கிட்டத்தட்ட இல்லை என்பதால் பக்கச் சுவர் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்; சிறிய அறைக்கு இது பெரிய வசதி. தொழிற்சாலைக் கால்களில் ஸ்பீக்கர் தரையோடு ஒட்டி, பின்னால் சாய்ந்து நிற்கும். அதை 30 முதல் 40 செ.மீ. உயர ஸ்டாண்டில் ஏற்றி நிமிர்த்தினால் தரையால் வரும் பேஸ் வீக்கம் குறைந்து நடுப்பகுதி தெளியும். நீண்ட காலப் பயன்பாட்டில் செய்யும் மாற்றங்களில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுவே. ட்ரெபிள் ஒடுங்கிய கற்றையாக வரும். அதனால் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்பவரின் காதை நோக்கித் திருப்ப வேண்டும். முழுச் சுகம் ஒரே நாற்காலிக்குத்தான் கிடைக்கும்.

பேஸ் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக விழும். தவில், நாகஸ்வரக் கச்சேரியை நேரில் கேட்கும் அளவுக்குச் சத்தம் எதிர்பார்த்தால் இந்த ஸ்பீக்கர் கொடுக்காது. கொடுக்க வைக்க முயன்றால் பேனல் போகும். 1970-களில் அமெரிக்க ஆடியோ வடிவமைப்பாளர் மார்க் லெவின்ஸன் தன் எச்கியூடி அமைப்பில் பக்கத்துக்கு இரண்டு குவாட் வீதம் அடுக்கி, தாழ்ந்த பேஸுக்கு ஹார்ட்லி வூஃபரும் உச்ச ட்ரெபிளுக்கு டெக்கா ரிப்பனும் சேர்த்தது இந்தக் குறைகளை நிரப்பத்தான்.

கடற்கரை ஊர்களில் இதை வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலமே பரீட்சை. காற்றில் ஈரம் ஏறினால் தூசியும் உப்பும் படிந்த இடங்கள் வழியே ஈஎச்டி கசியும். முதலில் ஒரு பக்கம் சத்தம் குறையும். பிறகு 'ஸ்ஸ்' என்ற மெல்லிய இரைச்சல். பிறகு 'டிக் டிக்'. சென்னையிலோ கொழும்பிலோ ஜன்னல் திறந்த கடலோர அறை இதற்கு ஆகாது. ஏசி அல்லது டிஹ்யூமிடிஃபயர் கொண்டு ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குள் வைத்தால் பெரும்பாலான தொல்லை எழாது. மின்னூட்டம் தூசியை இழுக்கும்; சின்னப் பூச்சி உள்ளே போனாலும் பொறி விழும். பேனலின்மேல் உள்ள மெல்லிய தூசி உறை கிழியாமல் இருப்பது அதனால்தான் முக்கியம். வாக்குவம் கிளீனரை அதன் அருகில் கொண்டுபோகவே வேண்டாம், உறை உறிஞ்சப்பட்டுக் கிழிந்துவிடும்.

பழைய ஜோடி வாங்கும்போது இப்படிப் பார்க்கலாம். நீங்கள் போய்ப் பார்ப்பதற்கு முந்தைய இரவே கரண்ட் கொடுத்து வைக்க விற்பவரிடம் சொல்லுங்கள். முழு மின்னூட்டம் ஏற நேரம் ஆகும். மோனோ பதிவு ஒன்றைக் குறைந்த சத்தத்தில் போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மங்கலாக இருந்தால் இடது வலது இணைப்பை மாற்றுங்கள். மங்கல் அதே ஸ்பீக்கரில் நின்றால் பழுது அதில்தான். அடுத்து விளக்கை அணைத்து, துளைத்தகடு வழியே நீலப் பொறி தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரின் மெயின்ஸ் சுவிட்சை அணையுங்கள்; எர்த் விடாமலிருக்க பிளக் அப்படியே இருக்கட்டும். நல்ல பேனல் மின்னூட்டத்தை விடாமல் வெகுநேரம் பாடும்; சில நிமிடங்களிலேயே சத்தம் தேய்ந்தால் எங்கோ கசிகிறது. முன்தகடு உலோகம், அதற்குள்ளே 6 கிலோவோல்ட். எர்த் இணைப்பு முழுமையாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்காமல் ஓட்டக்கூடாது.

சத்தம் குறைந்த எல்லா ஸ்பீக்கருக்கும் பேனல் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல சமயம் குற்றவாளி மெழுகில் அமிழ்த்திய ஈஎச்டி பிளாக்தான்: படிப்படியாக வோல்ட் ஏற்றும் ரெக்டிஃபயர், கெப்பாசிட்டர் ஏணி. சாதாரண 10 மெகாஓம் மல்டிமீட்டரை வைத்து அளந்தால் அந்த மீட்டரே வோல்ட்டைத் தரைமட்டமாக்கிவிடும். 1 கிகாஓம் ஹைவோல்ட்டேஜ் புரோப் வேண்டும். புதிதாகக் கட்டும்போது ஒவ்வொரு டையோடும் கெப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரியின் உச்சத்துக்கு உச்ச வோல்ட்டைத் தாங்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு இருப்பு வையுங்கள். எல்லோர் கையிலும் இருக்கும் 1என்4007 டையோடு 1,000 வோல்ட் மட்டுமே. போதாவிட்டால் 2 கிலோவோல்ட்டுக்கு மேலான வகை. சால்டர் முனை கூர்மையாக நின்றால் அங்கிருந்து காற்றில் கசியும், உருண்டையாக முடியுங்கள். ஃபிளக்ஸ் கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காய்ந்த பிறகே மெழுகு ஊற்றுங்கள்.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயர் ஒயரையும் கழற்றுங்கள். ஈஎச்டியில் ஓடும் கரண்ட் மிகச் சிறியது. அடித்தாலும் பெரும்பாலும் சுருக்கென்று வலிப்பதோடு போகும், ஆனாலும் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும். உயிர் பறிக்கக்கூடியது ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி. பாட்டு ஓடும்போது அங்கே பல ஆயிரம் வோல்ட், பின்னால் முழு ஆம்ப்ளிஃபயரின் பலத்தோடு நிற்கிறது. பின்மூடி இல்லாமல் பாட்டுப் போட்டுச் சோதிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

ஈஎஸ்எல்-63 வேறு குணம். 1963-ல் வேலை தொடங்கி 1981-ல் விற்பனைக்கு வந்தது. 57-ன் ஒடுங்கிய கற்றைக்கு வாக்கர் கண்ட விடை இது: தகடுகளை ஒரே மையமுள்ள வளையங்களாகப் பிரித்து, வெளி வளையத்துக்குப் போகப்போகச் சிக்னலைச் சிறிது தாமதப்படுத்தினார். ஒலி, ஃபிலிமுக்கு 30 செ.மீ. பின்னாலுள்ள ஒரு புள்ளியிலிருந்து கோளமாக விரிவதுபோல் வருகிறது. அதனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் பாட்டு கேட்கும். காவலும் உள்ளேயே இருக்கிறது: 40 வோல்ட் உச்சம் வரை சுத்தமாகப் பாடும், 55 வரை பொறுக்கும், பொறியின் அறிகுறி தெரிந்தால் இன்புட்டைத் தானே ஷார்ட் செய்துவிடும். இந்த ஷார்ட்டைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் போனால் ஸ்பீக்கரைக் குறை சொல்ல முடியாது. ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புள்ள ஆம்ப்ளிஃபயரையே இணையுங்கள்.

63-ன் நோய் பசை. இதில் ஃபிலிமுக்கு இருபுறமும் தகடுகளாக நிற்கும் செப்புத்தகட்டுப் போர்டுகள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டப்பட்டவை; காலமும் வெப்பமும் பட்டுப் பசை உதிர்ந்ததும் போர்டு எழும்பி ஃபிலிமை நெருங்கும். பேஸில் படபடப்பு, பிறகு பொறி. படபடப்பு கேட்டவுடன் பேனல் என்று முடிவு கட்ட வேண்டாம், தளர்ந்த தூசி உறையும் அதே சத்தம் போடும். ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் அது சுருங்கி இறுகினால் வேலை முடிந்தது. போர்டுதான் எழும்பியிருக்கிறது என்றால் பேனலைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, எபாக்ஸியில் மறுபடி ஒட்டிப் புது ஃபிலிம் இழுக்க வேண்டும். ஒன்று உதிர்ந்த ஸ்பீக்கரில் மற்ற மூன்று பேனல்களின் பசையும் அதே வயதுதான்; நான்கையும் ஒரே தடவையில் செய்து விடுவது சிக்கனம். ஈஎச்டி போர்டிலுள்ள நியான் விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். மினுக்கம் வேகமாகிக்கொண்டே போனால் எந்தப் பேனலோ கசியத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பேனலின் ஈஎச்டி ஒயரையும் மேலே சொன்ன முன்னெச்சரிக்கையோடு கழற்றிக் கழற்றிப் பார்த்தால், எதை எடுத்ததும் மினுக்கம் நிதானமாகிறதோ அந்தப் பேனல்தான்.

குரலும் வீணையும் வயலினும் சிறிய அறையில் ஒருவராக உட்கார்ந்து கேட்பவர் 57-ஐ எடுக்கலாம். பழுது பார்க்கத் தெரிந்த கை பக்கத்தில் இருக்க வேண்டும். குடும்பமாகக் கேட்கும் வீட்டுக்கும், 100 வாட் ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே இருப்பவருக்கும் பேனல் புதுப்பிக்கப்பட்ட 63. புதுப்பிக்காத 63 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எட்டுப் பேனல் செலவை விலையோடு கூட்டிக்கொண்டே பேரம் பேசுங்கள்.