ஜிபார்ட்டெட் லைவ்: வேலை சுத்தம், ஆனால் கரண்ட் இருக்கணும்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில், பக்கத்து வீட்டுத் தம்பியிடம் இருப்பது பழைய அம்மா லேப்டாப். 2011ல் அரசு கொடுக்கத் தொடங்கிய அந்த மெஷின்களில் விண்டோஸும் பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தன, அதனால் டூயல் பூட் என்றால் என்ன என்று தெரியாத பிள்ளைகள்கூட ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் திரையைப் பார்த்திருப்பார்கள். இவன் பாஸை எடுத்துவிட்டு மிண்ட் என்ற வேறொரு லினக்ஸ் போட்டிருக்கிறான், விண்டோஸ் 10 ஏற்றியிருக்கிறான். மிண்ட் பக்கம் இடம் தீர்ந்துவிட்டது, விண்டோஸ் பக்கம் பாதி டிஸ்க் சும்மா கிடக்கிறது. ஆனால் நண்டு கம்பெனி கணக்கெல்லாம் அதற்குள்தான், அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இலவசம் என்று சொல்லி டவுன்லோடு செய்யவைத்து, எல்லாம் செட் செய்து அப்ளை அழுத்தும் நேரத்தில் காசு கேட்கிற ஒரு மென்பொருளில் கடுப்பாகித்தான் ஜிபார்ட்டெட்டுக்கு வந்தோம். டிஸ்க்கின் பிரிவுகளை, அதாவது பார்ட்டிஷன்களை, பெரிதாக்கவும் சுருக்கவும் நகர்த்தவும் உதவும் கட்டற்ற மென்பொருள், 2004லிருந்து இருக்கிறது. இதன் லைவ் வடிவத்தைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்யலாம். எனக்குப் பிடித்த விஷயம், நீங்கள் இழுத்து மாற்றுவதை எல்லாம் கீழே வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு சும்மா இருக்கும், அப்ளை அழுத்தும்வரை டிஸ்க்கைத் தொடாது. யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அன்டூ செய்துவிடலாம்.

விண்டோஸைச் சுருக்கும் வேலையை மட்டும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலேயே முடித்துவிடுங்கள் என்பேன். நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் அது கொஞ்சம் இடம்தான் தரும். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தினால் பெரும்பாலும் கேட்டது கிடைக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கையும் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் ஷட் டவுன் செய்தும் விண்டோஸ் முழுசாக அணையாது, அந்த நிலையில் இருக்கும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் பயன்படுத்தும் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷனைத் தொடக் கூடாது.

அப்புறம்தான் கஷ்டமான பகுதி. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குதான் இருக்க முடியும், அதனால் லினக்ஸ் பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள், அதாவது உள்ளே வேறு பார்ட்டிஷன்களை வைத்திருக்கும் பெட்டி போன்ற ஒன்றுக்குள் இருக்கும். காலியான இடம் அதற்கு வெளியே, இடது பக்கம். முதலில் எக்ஸ்டெண்டட்டின் எல்லையை இடப்பக்கம் இழுக்கணும், பிறகுதான் உள்ளே இருக்கும் எக்ஸ்ட்4ஐ, அதாவது மிண்ட் இருக்கும் பார்ட்டிஷனை, நீட்ட முடியும். அதன் பக்கத்தில் சாவிப் படம் தெரிந்தால் உள்ளே ஸ்வாப் (ரேம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் டிஸ்க் பகுதி) ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஸ்வாப் ஆஃப் கொடுத்தால் விடும். வலப்பக்கம் நீட்டுவது சில நொடி வேலை. இடப்பக்கம் என்றால் பார்ட்டிஷனின் தொடக்கமே மாறுகிறது, டேட்டா முழுவதையும் தூக்கி வேறு இடத்தில் வைக்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்காகும். நடுவில் கரண்ட் போனால் டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை. இந்தக் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, இவன் லேப்டாப்பில் பேட்டரியும் செத்துப்போச்சு. கடையிலிருந்து யுபிஎஸ் கொண்டுவந்து சொருகிவிட்டுத்தான் அப்ளை அழுத்தினோம், கணக்கு ஃபைல்களை அதற்கு முன்பே வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தாச்சு.

பூட் ஆகாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை காட்டும், பயப்படாதீர்கள். நகர்த்தினாலும் பார்ட்டிஷனை அடையாளம் காட்டும் எண்ணான யூயூஐடி மாறாது, அதனால் மிண்ட் நேராக எழுந்தது. எழவில்லை என்றாலும் மிண்ட் பென் டிரைவில் பூட் செய்து எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப்பை மறுபடி போட்டால் சரியாகும்.

குறை என்றால் சின்னதாக இரண்டு. எக்ஸ்எஃப்எஸ் என்ற லினக்ஸ் ஃபைல் அமைப்பில் உள்ள பார்ட்டிஷனை இதில் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது. பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்ட பார்ட்டிஷனை அடையாளம் காட்டுமே தவிர அளவு மாற்றாது. புது லேப்டாப்பில் பிட்லாக்கர் இருக்கலாம், அதை வைத்திருப்பவர்கள் விண்டோஸ் பக்கத்தை விண்டோஸுக்குள்ளேயே சுருக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் இதில் செய்யுங்கள்.