பழைய அம்பாசடரில் ‘டிக் டிக்’ சத்தமா? பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

38,500 ரூபாய். செய்யாத வேலைக்குக் கொடுத்த கூலி. உண்மை நேற்றுத்தான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் “போனால் போகிறது” என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து என் வாயை அடைத்துவிடுவார்கள். அந்தப் பட்டறைக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோவையில் பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி, பளபளக்கும் வண்டிகளின் வீடியோக்களை ஓயாமல் போடும் வகைப் பட்டறை. அந்த வகையில் அங்கே பல இருக்கின்றன. நல்லவர்களும் இருக்கலாம்.

வண்டி 1974ஆம் வருடத்து அம்பாசடர் மார்க் 2. அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாங்கியது. கவுந்தப்பாடி வெல்லச் சந்தைக்கும் ஈரோடு மஞ்சள் மண்டிக்கும் அவர் போய்வந்த வண்டி. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அதில் வந்த சத்தம்தான் விவகாரம். எப்போதும் வராது. காலையில் இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கும். கோபியைத் தாண்டுவதற்குள் காணாமல் போய்விடும். திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் திணறித் திணறி ஏறும்போது மறுபடி எட்டிப் பார்க்கும். இறங்கும்போது இருக்காது. இவ்வளவையும் நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். அதை அவர் படித்தார் என்பதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

ஆவணியில் பெரியம்மா மகனுக்குத் திருமணம். மாப்பிள்ளை அப்புச்சியின் வண்டியில்தான் வரவேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதையும் அவரிடம் சொன்னேன். மனிதர் ஒரு நீண்ட திருப்புளியை எடுத்து, அதன் முனையை இன்ஜின்மேல் வைத்து, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, நாடி பிடிக்கும் வைத்தியரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்டியரிங்கை மெதுவாகத் தடவி, “யாருடைய வண்டி?” என்று கேட்டார். சொன்னேன். “எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதை விற்றுவிடாதீர்கள் அண்ணா” என்றார். என்னோடு வந்திருந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தின் விலைதான் 38,500 ரூபாய்.

“பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. இப்படியே ஓட்டினால் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்” என்றார். பிஸ்டனின் ராடு கிராங்கோடு, அதாவது இன்ஜினின் சுழலும் தண்டோடு, சேரும் இடத்திலுள்ள பேரிங் அது. கிராங்கைக் கிரைண்டிங் செய்து புதுப் பேரிங் போடவேண்டும், கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014லேயே அம்பாசடர் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் பேரிங்கைக் கொல்கத்தாவிலிருந்துதான் வரவழைக்கவேண்டும், பாதித் தொகை முன்பணம். அனுப்பினேன். வண்டி திரும்பி வந்தபோது கழுவித் துடைத்து, இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவருக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மீதியையும் கொடுத்தேன். துண்டுச் சீட்டில் “இன்ஜின் வேலை – 38,500” என்று எழுதிக் கையில் தந்தார்கள்.

மறுநாள் காலை கிளப்பினேன். டிக் டிக் டிக்.

கைபேசியில் அழைத்தபோது முதலில், “புதுப் பேரிங் அண்ணா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், தானாகப் பழகிவிடும்” என்றார். ஓடியது, பழகவில்லை. அடுத்து, “என்ன ஆயில் ஊற்றினீர்கள்?” என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார். ஊற்றியதே அவருடைய ஆட்கள்தான். அதன்பிறகு அவருடைய தம்பி என்று ஒருவர் எடுத்து, “அண்ணன் ஊட்டியில் இருக்கிறார், சிக்னல் கிடைக்காது” என்றார். ஊட்டியில் சிக்னல் கிடைக்காத அண்ணன் அன்று மாலையே புது வீடியோ ஒன்றைப் போட்டிருந்தார். நேரில் போனால் டீ வாங்கித் தருகிறார்கள். கழற்றிய பழைய பேரிங்கைக் காட்டுங்கள் என்றேன். “அதையெல்லாம் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டார்” என்றார்கள். கடைசியாக அவரே வந்து, “பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் அண்ணா. சத்தம் பிடிக்காதென்றால் புது வண்டி வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். விற்றுவிடாதீர்கள் என்று சொன்ன அதே வாய்.

சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. “வண்டியை இரவே கொண்டுவந்து விட்டுவிடு தம்பி. சூடாக வந்தால் எனக்கு எதுவும் தெரியாது” என்றார். நேற்று விடியற்காலையில் அவரே கிளப்பினார். முதலில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நான்காவது சிலிண்டரின் ஒயரைக் கழற்றியபோது சத்தம் அமுங்கியது. பிறகு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் இரும்புக் குழாய்) ஓரமாக நகர்த்திக்கொண்டே போய், நான்காவது சிலிண்டர் பக்கம் நிறுத்தி, என்னைக் கேட்கச் சொன்னார். காதில் அறைந்ததுபோல் கேட்டது. அந்த இடத்தில் கரி படிந்திருந்தது. ஒரு நட் தளர்ந்து, பேக்கிங் எரிந்துபோய், அந்த இடைவெளி வழியாகப் புகை துப்பிக்கொண்டிருந்தது.

பெரியவர் சொன்ன விளக்கம் இது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒருமுறைதான் திறக்கும். ஒரு சிலிண்டரின் புகையும் ஒருமுறைதான் வெளியே வரும். ஆகவே வால்வைத் திறக்கும் பாகமான டேப்பெட்டின் சத்தமும் புகைக் கசிவுச் சத்தமும் ஒரே தாளத்தில் கேட்கும், இவற்றைக் குழப்பிக்கொள்வது மன்னிக்கக்கூடிய தவறு. ஆனால் பேரிங்? இரும்பு சூடேறி விரிந்தால் மேனிஃபோல்டின் இடைவெளி அடைபடும், சத்தம் நிற்கும். மலையேற்றத்தில் புகையின் அழுத்தம் கூடும்போது மறுபடி பீறிடும். தேய்ந்த பேரிங் இதற்கு நேர்மாறு. சூடேறி ஆயில் இளகினால் அதன் சத்தம் கூடும், அதுவும் ‘டிக்’ என்று இருக்காது, ‘டொக்’ என்று கனமாக இருக்கும். நான் எழுதிக் கொடுத்த தாளிலேயே விடை இருந்தது.

பேக்கிங், நட், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இத்துடன் முடிந்திருந்தால் திறமையற்ற மெக்கானிக் என்று விட்டிருப்பேன். பெரியவர் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்க்கச் சொன்னார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் போல்ட்டுகள்மேல் ஆயிலும் மண்ணும் சேர்ந்து கெட்டியாக அப்பிக் கிடந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. சம்ப்பைக் கழற்றாமல் பேரிங் மாற்ற முடியாது. கிராங்கைக் கிரைண்டிங் செய்ய இன்ஜினையே இறக்கவேண்டும். அவர்கள் செய்ததெல்லாம் ராக்கர் கவருக்குப் பெயிண்ட் அடித்தது. 38,500 ரூபாய்க்கு ஒரு டப்பா பெயிண்ட்! போல்ட்டுகளைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டதாக இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் இல்லை.

சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சட்டென்று தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரே இடத்தில் திருப்புளியை வைத்துக் கேட்டுவிட்டு இன்ஜினை இறக்கவேண்டும் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். குளிர்ந்த வண்டியை அவர் முன்னால் கிளப்புங்கள். முதலில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டேப்பெட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். சாலையில் ஓடும்போது மட்டும் வரும் சத்தம் என்றால் ஸ்பீடோமீட்டர் கேபிளாகக்கூட இருக்கலாம். வண்டியை விடும் முன் சம்ப் போல்ட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகங்கள் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டும், பணம் அனுப்பிய பதிவும், அந்தப் படங்களும்தான்.

பட்டறை கோவையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யப்போகிறேன். “38,500 ரூபாய்க்காகக் கோர்ட்டு வாசலா?” என்று பெரியப்பா கேட்கிறார். ஆமாம், 38,500 ரூபாய்க்காகத்தான்.